பாட்டி ஏற மறுத்த கார்

பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருக்கும்போது பாட்டியைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூர் வழியாகப் போக வேண்டும். கடந்த ஆண்டு இறுதியில் அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், வாசலில் காரை நிறுத்தியும் பாட்டி இறங்கவில்லை. கழுத்தைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அடுத்த தடவ நான் பக்கத்து வீட்டு மைவியில போய்க்கிறேன்யா. உன் காடி என் எலும்ப எண்ணுது" என்றார்.

சொன்னபடியே அடுத்த முறை பக்கத்து வீட்டுக் காரில்தான் போனார்.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், பகுதி நேர வேலையில் சேர்த்த 1,200 வெள்ளியைக் கொடுத்து அந்தக் காருக்குக் 'காயிலோவர்' வாங்கிப் பொருத்தியிருந்தேன். ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாக இணைந்து, உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதியுடன் வரும் பாகம் அது. ஜப்பானிலிருந்து வந்த பழைய பாகங்களை விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். கார் தாழ்ந்தது, பார்க்க அழகாக இருந்தது. நண்பர்கள் படம் பிடித்துப் போட்டார்கள். இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கு, அந்த ஸ்பிரிங் எவ்வளவு கடினமானது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரை நான் தாமதமாகப் போட்ட அந்தக் கணக்கைப் பற்றியது.

கூம்புகளுக்கு நடுவே ஓர் ஓட்டம்

எங்களுடையது பழைய புரோட்டோன் சத்ரியா நியோ. அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கியது. 2006-இல் அறிமுகமான இந்த மூன்று கதவுக் கார், குறைந்த செலவில் விளையாட்டுக் கார் ஓட்ட விரும்பும் மலேசிய இளைஞர்கள் பலருக்கு இன்றும் பிடித்தமானது. வார நாள்களில் அது வேலைக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் போகும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் 'ஆட்டோகிராஸ்' போட்டிக்குப் போகும்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பெரிய வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்கிப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டுமே ஓடும். போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் நேரத்தோடு தண்டனை வினாடிகளைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்ட வேண்டியிருக்காது. ஆனால் வளைவுக்குப் பின் வளைவாக வருவதால் காரின் எடை இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். பொதுச் சாலையில் உயிரைப் பணயம் வைத்து ஓட்டும் சட்டவிரோதப் பந்தயத்தைவிட, ஓட்டும் திறமையை இங்கே பல மடங்கு அதிகமாகக் கற்றுக்கொள்ளலாம்.

காயிலோவர் பொருத்துவதற்கு முன், மாற்றம் எதுவும் செய்யாத காரில் அந்தப் பாதையை 48.6 வினாடியில் முடித்திருந்தேன். பொருத்திய பிறகு, அதே இடத்தில், அதே பாதையில் 49.1 வினாடி ஆனது. கார் சாயவே இல்லை. பந்தயக் கார் போலத்தான் இருந்தது. ஆனாலும் மெதுவாகிவிட்டது. பாட்டிக்கும் வலி, கடிகாரத்திலும் நஷ்டம்.

ஒரு தாளில் போட்ட கணக்கு

இடைநிலைப்பள்ளி இயற்பியலில் ஸ்பிரிங் பற்றிப் படித்திருப்பீர்கள். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அதன் கடினம். புரிந்துகொள்வதற்காக, காரின் முன்பக்க மூலை ஒவ்வொன்றும் 300 கிலோ எடையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணச் சாலைக் காரின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன் என்று கொள்வோம். என் காயிலோவரில் '7 கிலோ' என்று பொறித்திருந்தது. அதாவது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 69 நியூட்டன். மூன்று மடங்குக்கும் மேல்!

ஸ்பிரிங் கடினத்தை எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் வகுத்தால் கார் ஒரு வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்பும் என்பது தெரியும். இதுவே அதன் இயல்பு அதிர்வெண். (கணக்கில் கடினத்தை மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று மாற்றிப் போட வேண்டும்.) 22 நியூட்டன் ஸ்பிரிங்கிற்கு வினாடிக்கு 1.4 முறை வருகிறது. 69 நியூட்டன் ஸ்பிரிங்கிற்கு 2.4 முறை. வசதியான சாலைக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 2-க்கு மேல் போனால் அது பெரும்பாலும் சமமான பந்தயத் தளத்திற்கான கார். அதில்தான் நான் பாட்டியை உட்கார வைத்திருந்தேன்.

இன்னொரு கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 300 கிலோ எடை ஏறியதும் 22 நியூட்டன் ஸ்பிரிங் சுமார் 13 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். 69 நியூட்டன் ஸ்பிரிங் 4 சென்டிமீட்டர்தான் அமுங்கும். சக்கரம் ஒரு பள்ளத்தின் மேல் வரும்போது, அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து டயரைக் கீழே தள்ள வேண்டும். ஸ்பிரிங் அமுங்கியிருப்பதே 4 சென்டிமீட்டர் என்றால், அதைவிட ஆழமான பள்ளத்தில் டயரைத் தள்ள அதனிடம் வலு மிச்சமில்லை. டயர் ஒரு கணம் காற்றில் நிற்கும். காற்றில் நிற்கும் டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

நாங்கள் போட்டியிட்ட வாகன நிறுத்துமிடமும் வழவழப்பான தளம் அல்ல. வடிகால் மூடிகளும் தார் ஒட்டுப் போட்ட இடங்களும் நிறைய. அவற்றின் மேல் கார் துள்ளித் துள்ளிப் போனது. நான் இழந்த அரை வினாடி அங்கேதான் போயிருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலை வேறு மாதிரி

கோலசிலாங்கூர் வட்டாரச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு அந்த 'அலை' தெரியும். கடலோரக் களிமண்ணும் உள்பகுதியில் கரிமண்ணும் நிறைந்த நிலம் இது. வட சிலாங்கூரின் சதுப்புக் காடுகள் அந்தக் கரிமண்ணில்தான் வளர்கின்றன. மக்கிய தாவரங்களால் ஆன மண் என்பதால் அது ஒரே சீராக அமுங்காது. மேலே போட்ட சாலை ஆங்காங்கே இறங்கும். அதன்மேல் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம், 1917-இல் தொடங்கப்பட்டது எங்கள் பெஸ்தாரி ஜெயா பகுதியில்தான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மண் சுமை தாங்கி வருகிறது.

இப்படிப்பட்ட சாலையில் 15 மீட்டருக்கு ஓர் அலை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 22 மீட்டர். அப்படியானால் வினாடிக்கு 1.5 முறை சாலை காரைத் தூக்கி இறக்கும். சாதாரணக் காரின் இயல்பு அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட அதுவே. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் என்ன ஆகும்? ஆட்டம் கூடிக்கொண்டே போகும். அதை அடக்குவது ஸ்பிரிங்கின் வேலை அல்ல, அப்சோர்பரின் வேலை.

அப்சோர்பர் என்பது எண்ணெய்க் குழாய்க்குள் நகரும் ஒரு பிஸ்டன். சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறும். ஸ்பிரிங் கடினமாகும்போது அப்சோர்பரின் வலுவும் கூட வேண்டும். கணக்கின்படி, ஸ்பிரிங் மூன்று மடங்கு கடினமானால் தணிக்கும் வலு ஏறக்குறைய 1.7 மடங்கு வேண்டும். நான் வாங்கியதில் நிலைமை நேர்மாறு. செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக வேலை செய்யும் அப்பா, ஒரு மாலையில் சக்கரத்தைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். விரலில் எண்ணெய்.

"ஒழுக ஆரம்பிச்சிருச்சு. இது இனிமே அப்சோர்பர் இல்ல, வெறுங்குழாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 1,200 வெள்ளி போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மேலே இருந்த திருகைச் சுற்றினால் சரியாகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்தத் திருகு எண்ணெய் போகும் வழியை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் கடினத்தை அது தொடுவதே இல்லை. எண்ணெய் வெளியேறிவிட்டால் எத்தனை 'கிளிக்' சுற்றினாலும் பயனில்லை.

ஸ்பிரிங்கை வெட்டலாமா?

பணம் இல்லாத நண்பர்கள் சிலர் செய்யும் குறுக்குவழி, காரின் சொந்த ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது. செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் அதன் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதே நேரத்தில் அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிடும். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விலகவும் கூடும். வாய்க்கால் ஓரச் சாலையில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அளவுக்கு மீறித் தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சத்ரியா நியோ உட்பட நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் 'மெக்பர்சன்' அமைப்பைக் கொண்டது. காரை அதிகம் தாழ்த்தினால் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். எந்தப் புள்ளியைச் சுற்றிக் கார் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்கிவிடும். அதனால் சாயவைக்கும் நெம்புகோல் நீளமாகிறது. சாய்வைக் குறைக்கத்தான் தாழ்த்துகிறோம். அளவு மீறினால் ஸ்பிரிங்கிற்குக் கூடுதல் வேலை கொடுக்கிறோம்.

வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்திற்கு எவ்வளவு எடை மாறும் என்பதைக் காரின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், திரும்பும் வேகம் ஆகியவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. 1,200 கிலோ கார், அரை மீட்டர் உயர எடை மையம், ஒன்றரை மீட்டர் அகலம், புவியீர்ப்பில் 0.8 பங்கு பக்கவாட்டு விசை என்று போட்டால் 320 கிலோ மாறும். ஸ்பிரிங் கடினமாக இருந்தாலும் மென்மையாக இருந்தாலும் ஏறத்தாழ அதே 320 கிலோதான். அது முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது, எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை மட்டுமே ஸ்பிரிங்கும் ஸ்வே பாரும் மாற்றுகின்றன.

வல்லவர்கள் என்ன செய்தார்கள்?

இதெல்லாம் மெதுவாக ஓட்டுபவர்களுக்கான பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட 'எலான்' விளையாட்டுக் கார், மென்மையான ஸ்பிரிங்கோடு நல்ல அப்சோர்பரை இணைத்து, சாலையைப் பிடித்து ஓடுவதில் பெயர் பெற்றது. அந்த லோட்டஸை 1996-இல் புரோட்டோன் வாங்கியது நமக்குத் தெரியும். சத்ரியா ஜிடிஐ காரின் பின்னால் லோட்டஸின் பெயர் பொறித்த சின்னத்தைப் பலர் பார்த்திருப்போம்.

அமெரிக்க விளையாட்டுக் கார் மன்றம் நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் சாலைக் கார்களுக்கென ஒரு பிரிவு உண்டு. அதில் அப்சோர்பரை மாற்றலாம். ஸ்பிரிங் மட்டும் தொழிற்சாலையில் வந்ததாகவே இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே அவர்கள் மிக வேகமாக ஓட்டுகிறார்கள்.

நம் நாட்டின் கரம்ஜிட் சிங்கை மறக்க முடியுமா? 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில், தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றவர் அவர். கரடுமுரடான மண் பாதையில் ஓடும் ரேலி கார்களைப் பாருங்கள். உயரமாக நிற்கும், சக்கரங்கள் மேலும் கீழும் நீண்ட தூரம் நகரும். ஓடும் தளத்திற்கு ஏற்றபடிதான் அங்கே பாகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான் மீண்டும் தொடங்கிய வரிசை

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. எந்தச் சாலையில் இந்தக் கார் அதிகம் ஓடும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினேன். ஆண்டுக்கு ஐந்தாறு ஞாயிறு ஆட்டோகிராஸ். மற்ற நாளெல்லாம் தோட்டச் சாலை. ஆக, மோசமான சாலைக்கு ஏற்றதை வாங்கி, நல்ல தளத்தில் அதை வைத்துச் சமாளிப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் டயர். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு வேறு எதை மாற்றினாலும் அதன் பலன் தெரியாது. மழையிலும் பிடிப்பு தரும் நல்ல சாலை டயர் நான்கு வாங்கினேன்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ரப்பர் பாகங்கள். கீழ்க்கை புஷ், அப்சோர்பரின் மேல்தாங்கி ஆகியவை பழைய காரில் வெடித்திருக்கும். அவற்றை மாற்றியதும் ஸ்டீயரிங்கில் இருந்த பாதித் தயக்கம் போய்விட்டது. செலவு 260 வெள்ளி.

மூன்றாவது, ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தயாரிக்கப்பட்ட புதிய ஸ்பிரிங்கும் அப்சோர்பரும். மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அளவிலான ஸ்பிரிங். என் கணக்கில் அதிர்வெண் 1.6. அமுங்கி நிற்கும் தூரம் சுமார் 10 சென்டிமீட்டர். கார் முன்பிருந்ததைவிட 25 மில்லிமீட்டர் மட்டுமே தாழ்ந்தது.

நான்காவது, அலைன்மென்ட். முன்சக்கரங்களின் மேற்பகுதியை ஒன்றரை டிகிரி உள்பக்கம் சாய்த்து, நேர்கோட்டை ஏறக்குறைய பூஜ்யத்தில் வைக்கச் சொன்னேன். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு அலைன்மென்ட் செய்யாமல் விட்டால் புது டயர் சில மாதங்களில் ஓரம் தேய்ந்துவிடும்.

தடிமனான பின்பக்க ஸ்வே பார் இன்னும் வாங்கவில்லை. அதன் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். 16 மில்லிமீட்டரிலிருந்து 18-க்குப் போனாலே 60 விழுக்காடு அதிகம். முன்சக்கர இயக்கக் காரைக் கூம்புகளுக்கு நடுவே வேகமாகத் திருப்ப அது உதவும். ஆனால் மழையில் நனைந்த வளைவில் திடீரென்று எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் கார் வாலைச் சுழற்றும் அபாயமும் கூடும். அந்தக் காரை அண்ணனும் ஓட்டுகிறார்.

காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. போட்டி நாளில் டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓடி முடித்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்து, வீடு திரும்பும் முன் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரின் அமைப்பை மாற்றும் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், அது அனுமதிக்கப்பட்டதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேளுங்கள்; காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பது தாமதம்.

அதே பாதையில் இப்போது என் நேரம் 47.8 வினாடி. முதல் பரிசுக்கு அருகில்கூட இல்லை. ஆனால் காயிலோவர் காலத்தைவிட 1.3 வினாடி குறைவு. அதில் டயரின் பங்கு எவ்வளவு, ஸ்பிரிங்கின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் நேரம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

பாட்டியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் ஆனது. கம்போங் குவாந்தான் தாண்டும் வரை கதவின் மேல்பிடியை விடவே இல்லை. திரும்பி வரும்போது தூங்கிவிட்டார்.

பழைய காயிலோவர் சில வாரம் வீட்டுப் பின்புறம் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் என் இளையவர் ஒருவர் 500 வெள்ளிக்குக் கேட்டார். ஒழுகுகிறது என்று சொன்னேன். "பரவால்லண்ணே, கார் எறங்குனா போதும்" என்றார். 500 வெள்ளி எனக்குச் சிறிய தொகை அல்ல. ஓர் இரவு யோசித்தேன். மறுநாள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். கிடைத்தது 20 வெள்ளிக்கும் கொஞ்சம் குறைவு.